வெறும் தண்ணீர் விட்ட பத்து நாட்கள்

ஏற்காட்டிலிருந்து கொட்டச்சேடு போகும் ரோட்டில் எங்கள் நர்சரி இருக்கிறது. ரோஜா, ஜெரேனியம், ஆந்தூரியம், தொட்டியில் வைக்கிற ஃபெர்ன் என்கிற பெரணி வகைகள். சுற்றுலா வருகிறவர்கள் காரை நிறுத்தி இரண்டு தொட்டி வாங்கிப் போவார்கள். அதில் பாதி சேலம் வெயிலில் ஒரே மாதத்தில் செத்துப்போகும் என்பது எனக்கும் தெரியும். என் கணவர் பக்கத்து எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர். நர்சரியைப் பார்த்துக்கொள்வது நானும், வெள்ளக்கடையிலிருந்து வேலைக்கு வரும் ஒரு பெண்ணும்.

நர்சரிக்குக் கீழே சரிவில், முன்பு காப்பி மூட்டைகளை அடுக்கிவைத்த எங்கள் கல் ஷெட் ஒன்று சும்மா கிடந்தது. போன வருடம் கோடை விழாக் கூட்டம் இறங்கிப்போன பிறகு என் கணவர் ஓர் ஆளை அழைத்துவந்து அதைக் காட்டினார். முப்பத்தைந்து வயதிருக்கும். சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்தவராம். காளான் வளர்க்கப் போகிறாராம். என்னைப் பார்த்ததும் கைகூப்பி, "வணக்கம்க்கா" என்றார். ஷெட்டுக்குள் நுழைந்ததும் கூரை ஒழுகுமா என்று பார்க்காமல் நேராகப் போய் மின்சாரப் பெட்டியைத் திறந்து பார்த்தார். நான் கவனித்தேன். ஆனால் அன்று அதற்கு ஓர் அர்த்தம் இருக்கும் என்று தோன்றவில்லை.

வாடகை பேசியதெல்லாம் என் கணவர்தான். இரண்டே வாரத்தில் ஜன்னல்களுக்கு உள்பக்கமாகக் கறுப்பு ஷீட் அடித்தார்கள். காளானுக்கு இருட்டு வேண்டும், சரி. பிறகு மின்விசிறிகள் வந்தன, பெரிய பெரிய அட்டைப்பெட்டிகள் வந்தன, கறுப்புப் பைகளில் தேங்காய் நார்த்தூள் வந்தது. வைக்கோல் மட்டும் வரவில்லை. எனக்குத் தெரிந்த வரைக்கும் காளான் போடுகிறவன் முதலில் வாங்குவது வைக்கோல்.

என் கணவரிடம் சொன்னேன். "இப்பல்லாம் புது முறை வந்திருக்கும் புள்ள. படிச்ச பையன், அவனுக்குத் தெரியாதா?" என்றார்.

இருக்கலாம் என்று விட்டுவிட்டேன். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த ஆள் என்னிடம் வந்து செடிகளைப் பற்றிக் கேட்க ஆரம்பித்திருந்தார்.

காளானோடு ரிசார்ட்டுகளுக்கு லெட்டூஸ் கீரையும் போட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். வாரம் ஒருமுறை, மழை விட்ட மதிய வேளைகளில், நர்சரிக்கு ஏறி வருவார். இலை நுனி கருகினால் என்ன காரணம், அடி இலை மஞ்சளானால் என்ன குறை, தண்ணீரில் கரைத்து விடும் உரத்தை எத்தனை நாளுக்கொரு முறை விடலாம் என்று கேட்பார். நான் சொல்வதையெல்லாம் போனில் எழுதிக்கொள்வார். இருபது வருடமாக நர்சரி வைத்திருக்கிறேன். என் வீட்டில் யாரும் ஒரு நாளும் என்னிடம் செடியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. அவர் வருகிற நாளில் நான் இரண்டு டம்ளர் டீ போட்டு வைக்கத் தொடங்கினேன்.

ஒருமுறை கேட்டார். "அக்கா, அறுப்புக்கு முன்னாடி உரத்தை எப்ப நிறுத்தணும்?"

"கீரைதானுங்களே தம்பி? பத்து நாளைக்கு முன்னாடியே நிறுத்திப் போடுங்க. வெறும் தண்ணி மட்டும் நெறைய விடுங்க. வேருல கட்டிக்கிட்டு நிக்கிற உப்பெல்லாம் கழுவிக்கிட்டுப் போயிரும். இல்லீன்னா வாயில வெச்சா ஒரு கசப்புத் தட்டும்."

"பத்து நாள் பட்டினி போட்டா செடி தாங்குமாக்கா?"

"தாங்கும். எலையில சேத்து வெச்சிருக்கிறதை எடுத்துத் தின்னுக்கும். கீழ் எலை கொஞ்சம் மஞ்சளாகும், அதுக்குப் பயப்படாதீங்க."

அவர் சிரித்துக்கொண்டே எழுதினார். எழுதி முடித்து, நான் சொன்னதை எனக்கே ஒருமுறை படித்துக் காட்டினார்.

மழை குறைந்து பனி இறங்கத் தொடங்கிய சமயத்தில் சரிவுப் பக்கம் போனேன். ஷெட்டின் கழிவுநீர்க் குழாய் ஒரு சின்ன ஓடைப் பள்ளத்தில் விழும். அந்தப் பள்ளத்தின் ஓரம் தானாக முளைத்த பெரணிகள் ஆளுயரத்துக்கு இருக்கும். குழாய்க்கு நேர் கீழே இருந்தவை மட்டும் நுனி கருகிச் சுருண்டு கிடந்தன. கல்லில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். உர உப்பு.

ஆந்தூரியத்துக்காக என்னிடம் ஒரு டி.டி.எஸ். மீட்டர் இருக்கிறது. தண்ணீரில் நனைத்தால் அதில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் சின்னக் கருவி. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் அது நூறைத் தாண்டியதே இல்லை. ஷெட்டுத் தண்ணீரில் முக்கியபோது ஆயிரத்து எண்ணூறில் போய் நின்றது. காளானுக்கு இந்த உரம் ஒன்றும் தேவையில்லை. லெட்டூஸ் இவ்வளவு உரத்தைத் தாங்காது. நன்றாகத் தின்கிற, நன்றாக வளர்கிற, நல்ல வெளிச்சம் கேட்கிற ஏதோ ஒரு செடி உள்ளே இருக்கிறது.

வேலைக்கு வரும் பெண்ணுக்கு வேறு சந்தேகம். தொட்டிகளுக்கு மண் நிரப்பிக்கொண்டே சொன்னாள்.

"ஏனுங்கக்கா, ஷெட்டுப் பக்கமா நொம்ப நாளா ஒரு வாடை வருதுங்க. என்ற ஊட்டுக்காரரு வண்டியில எறக்கி உட வந்தப்ப அவரும் கேட்டாருங்க. சாராயம் கீராயம் காய்ச்சறாங்களோ என்னமோ."

"சாராய வாடையா அது?"

அவள் யோசித்தாள். "அப்புடியும் சொல்ல முடியலீங்க. நாரத்தை எலையைக் கசக்குன மாதிரிங்க. அதோட என்னமோ நாறுதுங்க."

அதற்குப் பிறகு நான் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். ஷெட்டுக்குப் போகும் பாதையில் புல் அதிகம் மிதிபட்டிருந்தால் யார் வந்தது என்று பார்த்தேன். என் கணவர் எஸ்டேட்டிலிருந்து வரும்போது நேராக வீட்டுக்கு ஏறாமல் ஷெட்டு வழியாகச் சுற்றி வருவதைப் பார்த்தேன். அவர் முன்பும் அப்படித்தான் வந்தாரா என்று நினைவுபடுத்திப் பார்த்தால் நினைவுக்கு வரவில்லை. ஒருநாள் அவர் கையில் ஒரு பொட்டலம். "பையன் குடுத்தான், மொதல் காளானாம்" என்றார். வெள்ளை வெளேரென்று மொட்டுக் காளான், பிளாஸ்டிக் டப்பாவில். டப்பாவின் அடியில் ஸ்டிக்கரை உரித்த பசை விரலில் ஒட்டியது. கடைக் காளான். யாரோ சேலத்தில் வாங்கி, ஸ்டிக்கரைக் கிழித்து, எனக்குக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

அதைச் சமைத்தேன். அவரும் சாப்பிட்டார், நானும் சாப்பிட்டேன். ஸ்டிக்கரை உரித்தது எந்தக் கை என்று யோசித்துக்கொண்டே சாப்பிட்டேன்.

மீட்டரைத் தினமும் முக்க ஆரம்பித்தேன். காலையில் ஆந்தூரியத்துக்குத் தண்ணீர் விட்டதும் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு, பெரணி பறிக்கப் போகிறவள் போலச் சரிவில் இறங்குவேன். ஒரு வாரம் அளவு மாறாமல் இருந்தது. ஒரு திங்கட்கிழமை குழாயில் தண்ணீர் வழக்கத்தைவிட அதிகமாகக் கொட்டியது. மீட்டர் ஆயிரத்து நூறு என்றது. மறுநாள் அறுநூறு. அதற்கு மறுநாள் முந்நூற்றைம்பது. கல்லின் மேலிருந்த வெள்ளைப் பொருக்குகூடக் கரைந்து போயிருந்தது.

பள்ளத்தில் குந்தியபடியே இருந்தேன். உரத்தை நிறுத்திவிட்டார். வெறும் தண்ணீர் விட்டு உப்பைக் கழுவுகிறார். நான் டீ கொடுத்து, உட்கார வைத்து, சொல்லிக்கொடுத்தது அப்படியே குழாய் வழியாக என் காலடிக்கு வந்துகொண்டிருந்தது.

நேராகப் போய் ஷெட்டுக் கதவைத் தட்டினேன். கொஞ்சம் நேரம் கழித்துத்தான் திறந்தார். தலையை நீட்டுகிற அளவுக்கு மட்டும். பின்னால் விசிறிகளின் இரைச்சல் கேட்டது.

"குழாய் எங்கயாச்சும் ஒழுகுதுங்களா தம்பி? பள்ளத்துல தண்ணி நெறைய போகுது."

"இல்லக்கா, நான்தான் கழுவி விடறேன்."

"லெட்டூஸ் அறுப்பு எப்பங்க?"

"இன்னும் ஒரு பத்து நாள்."

"ஒருதரம் உள்ள வந்து பாக்கறேனே. நான் சொன்னபடி வந்திருக்கான்னு பாக்க ஆசையா இருக்கு."

அவர் முகம் மாறவில்லை. "வெளியிலேர்ந்து வந்தா கிருமி தொத்திக்கும்க்கா. அறுத்ததும் முதல்ல உங்களுக்குத்தான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். சாத்திய காற்றில் அந்த வாடை முகத்தில் அடித்தது. நாரத்தையும், அதோடு என்னமோவும்.

இரண்டு நாள் கழித்து இலை கிடைத்தது. குழாய் வாயில் கட்டியிருந்த வலை கிழிந்து, குப்பையோடு சேர்ந்து வெளியே வந்திருந்தது. மஞ்சள் இலை, கீழ் இலை. ஏழு விரல் விரித்த மாதிரி, ஓரமெல்லாம் ரம்பப் பல். கஞ்சாவை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் டிவி செய்தியில் போலீஸ்காரர்கள் பிடித்து அடுக்கிவைத்துக் காட்டுவதை யார்தான் பார்த்ததில்லை? அதைக் கையில் எடுத்தேன். என்னைப் பார்க்கிறவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். என்னமோ நான் வளர்த்தது மாதிரி.

அன்று மத்தியானம் என் கணவர் சாப்பிட வந்தார். சோறு போட்டுவிட்டு, ஈர இலையை ஒரு தட்டில் வைத்து அவர் முன்னால் நகர்த்தினேன்.

"ஷெட்டுத் தண்ணியில வந்துச்சுங்க. இது என்னன்னு தெரியுதுங்களா?"

அவர் பிசைந்த கை நின்றது. இலையையே பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும்? நான் உள்ள போனதே இல்ல."

"கேட்டீங்களா?"

"கேக்கலை. காளான்னான். அதுக்கு மேல எதுக்குக் கேக்கணும்?" என்றார்.

"போலீசுக்குச் சொல்லிரலாமுங்க."

"பைத்தியமா உனக்கு? ஷெட்டு நம்முது. மொதல்ல நம்மளத்தான் இழுப்பாங்க. நம்ம புள்ள சேலத்துல நர்சிங் படிக்கறா, அவ தலையெழுத்து என்னாகும்? பேசாம இரு. இன்னும் ஒரு வாரம், பத்து நாள். அறுத்துட்டுக் காலி பண்ணிட்டுப் போயிருவான். நமக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு போயிரும்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். பத்து நாள் என்று அந்த ஆள் கதவிடுக்கில் என்னிடம் சொன்னது. அதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

"பத்து நாள்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்றார். பிறகு சாப்பிடவில்லை, கை கழுவிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னது நிஜமாகவே ஒரு பேச்சுக்காக இருக்கலாம். யாருமே பத்து நாள் என்றுதான் சொல்வார்கள். இன்றைக்கு வரைக்கும் இரண்டு பக்கமும் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இலையை அடுப்பில் போட்டு எரித்தேன். எரித்த பிறகுதான் அது ஓர் ஆதாரம் என்று உறைத்தது.

அடுத்த மூன்று நாள் நாங்கள் இருவரும் தேவைக்கு மட்டுமே பேசிக்கொண்டோம். அவர் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வீட்டுக்கு வந்தார். நான் போனை எடுத்தால் யாருக்கு என்று கேட்டார். ஷெட்டு ஆள் ஒருநாள் நர்சரி வழியாகப் போனார். "என்னக்கா, டீ இல்லையா?" என்று சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பில் ஏதோ இருப்பதாகப் பட்டது. என் கணவர் அவரிடம் சொல்லியிருப்பாரோ? அப்படியானால் இருவருமாகச் சேர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களோ? மகள் போனில் கூப்பிட்டு, "ஏம்மா ஒரு மாதிரி பேசற?" என்றபோது தொண்டைச் சளி என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்தான் என்னைக் கிளப்பியது. இன்னும் ஒரு வாரம் போனால் எனக்கும் எல்லாம் பழகிவிடும் என்று பயம் வந்தது.

நாலாம் நாள் காலை, அவர் எஸ்டேட்டுக்குப் போனதும், வேலைக்கு வரும் பெண்ணிடம், "டவுனுக்குப் போறேன், விதை வாங்கணும்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நானும் வர்றனுங்கக்கா. நீங்க தனியாப் போக வேண்டாமுங்க" என்றாள். அவளிடம் நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. நர்சரியைப் பூட்டிவிட்டு இருவருமாகப் பஸ் ஏறினோம்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி. முழுவதும் கேட்டார். நடுவில் ஒரு தடவைதான் குறுக்கிட்டார்.

"உரத்தை நிறுத்திட்டாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தண்ணியை அளந்து பாத்தேனுங்க."

"தினமுமா?"

"தினமுமுங்க."

"எதுக்கும்மா தினமும் அளந்தீங்க? மொதல் நாளே சந்தேகம் வந்தா மொதல் நாளே வந்திருக்கலாமே?"

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. அதே பார்வையோடுதான் நான் இரண்டு மாதமாக ஷெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானத்துக்குள் ஜீப் வந்துவிட்டது. ஷெட்டுக் கதவை உடைக்க வேண்டியிருக்கவில்லை, அந்த ஆளே திறந்தார். கூடவே என்னையும் உள்ளே வரச் சொன்னார்கள், ஷெட்டின் சொந்தக்காரர் வீட்டு ஆள் என்பதற்காக.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். உள்ளே போனதும் எனக்கு முதலில் வந்தது பயமில்லை. அவ்வளவு விளக்கு வெளிச்சத்தில், வரிசை வரிசையாக, மார்பளவு உயரத்தில் செடிகள். ஒன்றில்கூடப் பூச்சி இல்லை. ஒரு இலைநுனிகூடக் கருகவில்லை. நெய் தடவினாற்போல் பூங்கொத்துகள் மினுங்கின. கீழ் இலைகள் மட்டும் ஒரே சீராக மஞ்சளாகியிருந்தன, நான் சொன்ன மாதிரியே. நல்ல கை என்று மனசுக்குள் ஒரு சொல் ஓடியது. அதை அப்போதே மென்று விழுங்கினேன்.

அந்த ஆளை வெளியே கூட்டிப்போகும்போது என் பக்கத்தில் வந்ததும் நின்றார். கோபமாகத் தெரியவில்லை. "நீங்கதானேக்கா எல்லாம் சொல்லிக்கொடுத்தீங்க?" என்றார். காட்டிக்கொடுக்கத்தான் அப்படிச் சொன்னாரா, இல்லை வருத்தத்தில் வாய்க்கு வந்ததா என்று புரியவில்லை. பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் திரும்பி என்னைப் பார்த்தார்.

அந்த ஆளின் போனில் எல்லாம் இருந்தது. "அக்கா" என்று தலைப்புப் போட்டு, நான் சொன்னது ஒவ்வொன்றும், சொன்ன நாளோடு. இலை நுனி கருகினால் என்ன, அடி இலை மஞ்சளானால் என்ன. கடைசியில், பத்து நாள் வெறும் தண்ணீர். இன்ஸ்பெக்டர் அதை என் முன்னால் வாசித்தார்.

"கீரைக்குன்னு கேட்டாருங்க" என்றேன்.

"கீரைன்னு இதுல ஒரு எடத்துலகூட இல்லையேம்மா."

இரண்டு நாள் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நானாகத்தான் வந்து சொன்னேன் என்பதே என்னைக் காப்பாற்றியது. என் கணவரை நான்கு தடவை கூப்பிட்டார்கள். வாடகைக்கு விட்டது மட்டும்தான் தனக்குத் தெரியும் என்று நான்கு தடவையும் ஒரே மாதிரி சொன்னாராம். அந்த ஆளும் அவரை இழுக்கவில்லை. கடைசியில் இருவரையும் சாட்சிகளாகச் சேர்த்தார்கள்.

ஊரில் பேச்சு வேறு மாதிரி ஓடியது. பங்கு பிரிப்பதில் சண்டை, அதனால்தான் நர்சரிக்காரி போட்டுக்கொடுத்துவிட்டாள் என்றார்கள். தலைச்சோலையிலிருந்து வழக்கமாக நாற்று வாங்க வருகிற ஒருவர் தொட்டியை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இது வெறும் ரோசாதானுங்களே?" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். வேலைக்கு வரும் பெண் மட்டும் அவரிடம், "ஏனுங்க, மோந்து பாக்கறதுக்கா வந்தீங்க? வேணுமுன்னா வாங்குங்க, இல்லீன்னா வெச்சுட்டுப் போங்க" என்று சண்டைக்குப் போனாள்.

என் கணவர் ஒருநாள், "சேர்வராயன் கோயிலுக்கு வா. சூடம் ஏத்தி அடிச்சுச் சத்தியம் பண்றேன், எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். குரல் உடைந்திருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என்னை நம்புகிறாயா என்று கேட்டார். நம்புகிறேன் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சத்தியம் செய்துவிட்டால் அதற்கப்புறம் சந்தேகப்படவும் முடியாது, அந்தச் சத்தியம் பொய்யாக இருந்தால் அவருக்கு என்ன ஆகுமோ என்ற பயம் வேறு. இருபத்தாறு வருடம் சேர்ந்து வாழ்ந்த மனிதர்.

போன மாதம் வழக்குக்காகச் சேலத்துக்குப் போனோம். கோர்ட்டில் என்னிடம் வக்கீல் கேட்டார். "ஷெட்டில் கஞ்சா வளர்க்கப்படுவது உங்கள் கணவருக்குத் தெரிந்திருந்ததா?"

பின்னால் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். நான் திரும்பவில்லை.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன். அந்த வழக்கில் நான் சொன்ன பதில்களில் யோசிக்காமல் சொன்னது அது ஒன்றுதான்.

வெளியே வந்ததும் என் கணவர் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். பஸ் ஸ்டாண்டில் ஏற்காடு பஸ் நின்றுகொண்டிருந்தது. எனக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டும் என்பதால், கூட்டத்தில் முண்டி ஏறி, முன்னால் ஜன்னலோரம் இடம் போட்டு வைத்திருந்தார். உட்கார்ந்தேன். பாதி வழியில் மூடுபனி வந்தபோது அவர் எழுந்து, என்னைத் தாண்டிக் கையை நீட்டி, ஜன்னலை இறக்கிச் சாத்திவிட்டார்.